எண் முன்னே, குறி பின்னே

கேள்வி: ஃபோர்த் என்கிற கணினி மொழியை எந்தக் கணினியிலும் ஓடும்படி, அதுவும் இலவசமாக, எப்படித் தயாரித்தார்கள்?

பதில்: வேலையில் பெரும்பகுதியை ஃபோர்த்தின் தலையிலேயே கட்டிவிட்டுத்தான்!

சார்லஸ் மூர் உருவாக்கிய இந்த மொழி, 1970களில் அமெரிக்காவின் கிட் பீக் மலையில் இருந்த ஒரு தொலைநோக்கியை இயக்கியது. '3 4 + .' என்று தட்டினால் 7 வரும். எண்கள் ஓட்டல் தட்டுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரும். கூட்டல் குறி மேலிருக்கும் இரண்டை எடுத்துக் கூட்டி, விடையை அங்கேயே வைக்கும். புள்ளி அதைத் திரையில் காட்டும். வினைச்சொல்லைக் கடைசியில் வைத்தே பேசிப் பழகிய தமிழருக்கு இது புதிதா என்ன?

அந்தக் காலத்தில் ஒவ்வொரு சிப்புக்கும் ஃபோர்த்தின் அடித்தளத்தை அசெம்பிளி மொழியில் தனித்தனியாக எழுதினார்கள். பெர்ண்ட் பேசான், ஆன்டன் எர்ட்ல் இருவரும் 1992இல் தொடங்கிய ஜிஃபோர்த் என்னும் இலவச ஃபோர்த், அந்த இடத்தில் சி மொழியைப் பிடித்துக்கொண்டது. கூட்டுவது, நகலெடுப்பது போன்ற அடிப்படைச் சொற்கள் (அதாவது கட்டளைகள்) மட்டும் சி வழியாக வரும். மற்றதில் பெரும்பகுதி ஃபோர்த்திலேயே எழுதியது. ஜிசிசி என்னும் சி தொகுப்பான் தரும் ஒரு சலுகையால், ஒரு சொல் முடிந்ததும் அடுத்ததன் முகவரிக்கு நேரே தாவலாம். வேகத்துக்கும் பெரிய பழுதில்லை.

ஒரே சிக்கல்: இதன் மூலநிரல் களஞ்சியத்திலிருந்து ஜிஃபோர்த்தைக் கட்ட, கையில் ஏற்கெனவே ஒரு ஜிஃபோர்த் இருக்க வேண்டும்! வெளியீட்டுப் பொதிகளில் தேவையான கோப்புகளைத் தயாராக வைத்துவிடுவதால் புதியவர்கள் பிழைத்தார்கள்.