நல்ல விசுவாசி என்று பெயர் எடுப்பது எப்படி?

நல்ல விசுவாசியாக வாழ்வது எப்படி என்று சொல்லும் புத்தகங்கள் ஏராளம். பாளையங்கோட்டையில் எந்தக் கிறிஸ்தவப் புத்தகக் கடைக்குப் போனாலும் அலமாரி நிறைய இருக்கும். கன்வென்ஷன் பந்தல் வாசலில் பாதி விலைக்கும் கிடைக்கும். ஆனால் நம்மில் பலருக்கு வேண்டியது அதுவல்ல. நல்ல விசுவாசி என்று நாலு பேர் சொல்ல வேண்டும். அதற்காகக் குணத்தையோ வரவு செலவையோ பங்காளிச் சண்டையையோ மாற்றிக்கொள்ள நேரக்கூடாது. இதற்கு வழிகாட்ட ஒரு புத்தகமும் இல்லை. நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துச் சி.எஸ்.ஐ. சபைகளில் இந்தக் கலையில் கைதேர்ந்தவர்களைப் பார்த்துக் கற்றதை இங்கே தருகிறேன். மற்ற ஊர்க்காரர்களும் மற்ற சபைக்காரர்களும் தங்களுக்குத் தக்கபடி திருத்திக்கொள்ளலாம். அதிகம் திருத்த வேண்டியிருக்காது.

முதலில், கோயிலுக்கு வரும் நேரம். முதல் மணிக்கே வந்து உட்கார்ந்து தலைகுனிந்து ஜெபிப்பவர்கள் வயதானவர்கள். அவர்களை யாரும் கவனிப்பதில்லை. இரண்டாம் மணி அடித்து, பாடகர் குழு பவனி வந்து சேர்ந்து, முதல் பாட்டின் இரண்டாவது சரணம் போய்க்கொண்டிருக்கும்போது நடு வழியாக நடந்து முன்வரிசைக்குப் போங்கள். விருந்துக்குப் போனால் கடைசி இடத்தில் உட்காரும்படி இயேசு சொன்னாரே என்றால், அது கல்யாண வீட்டுக்கு. ஜெப ஆலயத்தில் முதல் இருக்கை தேடுகிறவர்களையும் அவர் கண்டித்திருக்கிறாரே என்றால், அது வேதபாரகருக்கு. நமக்கு என்று அவர் தனியாக எதுவும் சொல்லவில்லை.

கையில் வேதப்புத்தகம் வேண்டும்: கறுப்பு அட்டை, ஜிப் வைத்தது, சிவப்பிலும் நீலத்திலும் அடிக்கோடு போட்டது. உள்ளே எதைப் படிப்பது என்பதில்தான் ஜாக்கிரதை தேவை. சங்கீதம் 23, 91, 121 மூன்றும் பத்திரமானவை. ஆமோஸ் பக்கம் போக வேண்டாம். புத்தாண்டு நடு இரவு ஆராதனையில் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டையை லேமினேட் செய்து காரில் ஒட்டுங்கள். அதில் எப்போதும் ஆசீர்வாதம்தான் வரும், கட்டளை வந்து நான் பார்த்ததில்லை. கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டியது யாக்கோபு நிருபம். 5 அதிகாரம், 108 வசனம். ஒரு காப்பி குடித்து முடிப்பதற்குள் படித்துவிடலாம், அதனால்தான் ஆபத்து. பொன்மோதிரம் போட்டு வருகிறவனுக்கு நல்ல இடமும் அழுக்குத் துணிக்காரனுக்குக் காலடியும் கொடுக்கிற சபையை அது கேள்வி கேட்கிறது. கூலியாளுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த பணம் கூக்குரலிடுகிறது என்கிறது. லூத்தரே 1522இல் இந்த நிருபத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டு ஒதுக்கினார் என்று யாரிடமும் தைரியமாகச் சொல்லலாம். லூத்தரன் மிஷனரியான சீகன்பால்க் குருவின் மனம் அறிந்து இதைத் தமிழில் விட்டுவைத்திருக்கலாம். 1715இல் தரங்கம்பாடியில் அச்சான புதிய ஏற்பாட்டில் இதையும் சேர்த்துத் தொலைத்துவிட்டார்.

இனி காணிக்கை. மாதாமாதம் கொடுக்கும் சங்கக் காணிக்கையால் பெயர் வராது. அதைக் கவரில் போட்டுக் கொடுக்கிறோம், உபதேசியார் நோட்டில் எழுதுகிறார், அத்தோடு சரி. அதை டிசம்பர் வரை பாக்கி வையுங்கள். உங்கள் களம் ஸ்தோத்திரப் பண்டிகை ஏலம். வாழைத்தார், முருங்கைக்காய்க் கட்டு, சேவல் எல்லாம் முடிந்து கடைசியில் ஒரு எவர்சில்வர் தட்டில் ஒற்றை நாட்டுக்கோழி முட்டை வரும். ஏலம் விடுகிறவர் தொண்டை வளமுள்ள ஓய்வுபெற்ற வாத்தியார். இருபது ரூபாயில் தொடங்கும்போது நீங்கள் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சின்னப் பையன்கள் ஐம்பது, அறுபது என்று விளையாடட்டும். முந்நூறுக்கு வந்து, "முந்நூறு ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று இழுத்து வாத்தியார் உங்கள் பக்கம் திரும்புவார், அவருக்குத் தெரியும். அப்போது ஒரு விரலை மட்டும் தூக்கி, "ஆயிரம்" என்று சொல்லுங்கள், சத்தம் போடாமல். "நம்ம அண்ணாச்சி ஆயிரம்!" என்ற சத்தத்தை மைக் பார்த்துக்கொள்ளும். முட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய்விடாதீர்கள். "திரும்ப ஏலத்துக்கு விடுங்க" என்று கொடுத்தால்தான் முழுப் பெயர். ஒரே முட்டை மூன்று பேருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்து, கடைசியில் வாத்தியார் வீட்டு ஆம்லெட்டில் முடிவதும் உண்டு. வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது என்றுதான் கற்பித்திருக்கிறார்கள். மைக்செட்காரருக்குத் தெரியக்கூடாது என்று எங்கும் இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தப் பக்கத்துப் பெண்கள் உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுச் சேர்த்துக் கோயிலுக்குக் கொடுத்து வந்தார்கள். நெல்லைக்காரர்கள் வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல் 1903இல் சொந்தமாக இந்திய மிஷனரி சங்கம் தொடங்கி, தெலுங்கு நாட்டு டோர்னக்கலுக்கு ஊழியர்களை அனுப்பினார்களே, அதை நடத்தியதும் இப்படிக் கைப்பிடி கைப்பிடியாகக் கொடுக்கிற பழக்கமுள்ள வீடுகள்தான். எந்த அம்மா எத்தனை கைப்பிடி போட்டார் என்று ஒரு கல்வெட்டிலும் இல்லை. அதை ஏலம் விட முடியாது, மைக்கில் சொல்ல முடியாது. பெயர் எடுக்க வந்தவர்கள் இந்தப் பழக்கத்தை வீட்டில் அண்டவிடக் கூடாது.

லெந்து நாட்களில் கறி எடுக்காதீர்கள். எடுக்கவில்லை என்பதை ஒரு நாளைக்கு இரண்டு பேருக்காவது தெரிவியுங்கள். அந்த 40 நாளும் விடவேண்டியது ஆட்டை மட்டும்தான், ஆளை அல்ல. ஊர்க்கதை பேசுவதற்கு என்று நம்மிடம் அழகான ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர் ஜெபக்குறிப்பு. வெறும் கதையாகச் சொன்னால் கோள். கண்ணை மூடுவதற்கு முன் சொன்னால் பாரம். "எக்கா, நான் யாரு பேரையும் சொல்ல விரும்பல. ஆனா நாம பாரப்பட்டு ஜெபிக்கணும். தெக்குத் தெருவுல நீலக் கேட்டு வீடு இருக்குல்லா, அந்தப் பெரிய புள்ளைக்காக." இதற்குமேல் ஒன்றும் சொல்ல வேண்டாம். மீதியைக் கேட்கிறவர்களே ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்த்து, வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்துக்குள் முழுக்கதையாக உங்களிடமே கொண்டுவந்து தருவார்கள். நீங்கள் "அப்படியா?" என்று அதிர்ச்சியடைய வேண்டியதுதான் பாக்கி.

அடுத்தது கல்யாணம். இதில்தான் தேர்ந்தவரும் தடுக்கி விழுகிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மகனுக்குப் பெண் தேடும்போது "இரட்சிக்கப்பட்ட, ஜெபிக்கிற, ஊழிய பாரமுள்ள பெண்" என்று விளம்பரம் கொடுங்கள். நம்ம ஆளுகதானா என்பதைப் புரோக்கர் பார்த்துக்கொள்வார். வேறு ஆளுக வீட்டில் அப்படி ஒரு பெண் அகப்பட்டுவிட்டால், "ஜெபித்துப் பார்த்தோம், சமாதானம் இல்லை" என்று சொல்லி அனுப்பலாம். தேவசித்தத்துக்கு மேல்முறையீடு கிடையாது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது, உடனே விட்டொழிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் கோபித்துக்கொண்டு சபையை விட்டே போனார்கள். பாவம், யோசனையில்லாதவர்கள். போகவே வேண்டியதில்லை. சுற்றறிக்கைக்கு ஆமென் சொல்லிவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தால் போதும் என்பதைப் பின்னால் வந்த நாம் கண்டுபிடித்தோம். சுற்றறிக்கை 190 ஆண்டுகளுக்கு மேலாகச் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது.

பெண் வீட்டாரிடம் வாய் திறந்து எதுவும் கேட்காதீர்கள்; கேட்பது அஞ்ஞானிகள் வழக்கம். "நாங்க ஒண்ணும் கேக்கல. கர்த்தர் உங்கள ஆசீர்வதிச்சிருக்கிறபடி உங்க புள்ளைக்குச் செய்யுங்க" என்று சொல்லுங்கள். கர்த்தர் அவர்களை நூறு பவுனுக்கும் ஒரு காருக்கும் ஆசீர்வதித்திருக்கிறார் என்று முன்னமே விசாரித்து வைத்திருப்பீர்கள். எண்பது பவுனில் நின்றுவிட்டால் அவர்களுடைய விசுவாசத்தைப் பற்றி உங்கள் வீட்டம்மா வருத்தப்படலாம். ஓலை மூன்று முறை வாசிக்கும்போது, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஐயர் அறிவிப்பார். குறைந்த இருபது பவுன் தடையில் சேராது. கமிட்டிக்காரர் யாரும் அதைக் கணக்கில் எடுத்ததில்லை.

திருவிருந்து ஞாயிறு ஒரு சிக்கலான நாள். தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவான பிறகு வகுத்த நற்கருணை ஒழுங்கில், கைக்குக் கை சமாதானம் கொடுக்கும் பழக்கத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள். பீடத்திலிருந்து கிளம்பி வரிசை வரிசையாகக் கடைசி பெஞ்சு வரை வரும். காணிக்கையைப் படைக்க வந்த இடத்தில் சகோதரனோடு மனஸ்தாபம் நினைவுக்கு வந்தால், அதை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகி வா என்று மலைப்பிரசங்கத்தில் இருப்பது வேறு. உங்களுக்கோ கூடப்பிறந்த தம்பியோடு பம்புசெட் கிணற்றுப் பாத்தியதை வழக்கு முன்சீப் கோர்ட்டில் நடக்கிறது. இதற்கு வழி, உட்காரும்போதே வரிசைக் கணக்குப் பார்ப்பது. தம்பிக்கும் உங்களுக்கும் நடுவே நாலு பேர் இருந்தால் சமாதானம் அவர்கள் கைகளில் கரைந்து, உங்களிடம் வரும்போது யாருடையது என்றே தெரியாது. ஒருவேளை அவனே பக்கத்தில் வந்து நின்றுவிட்டால் பதற வேண்டாம். விரல் நுனி மட்டும் படும்படி கையை நீட்டி, கண்ணைப் பீடத்துச் சிலுவையில் வைத்து, உதட்டை அசையுங்கள். ஐயருக்குச் சமாதானம் சொன்னது போலவும் தெரியும், சொல்லாத திருப்தியும் உங்களுக்கு இருக்கும். திருவிருந்து ஞாயிற்றுக்கிழமை, வாய்தா புதன்கிழமை. நடுவே இரண்டு முழு நாள் இருக்கிறது. ஒன்றின் கறை மற்றொன்றில் ஒட்டாது.

சேகரக் கமிட்டிக்கும் பெருமன்றத்துக்கும் நிற்பது பற்றி எழுத இங்கே இடமில்லை. அந்தக் கலைக்கு ஒரு வக்கீலைத் துணை ஆசிரியராக வைத்துக்கொண்டு தனிப் புத்தகம்தான் போட வேண்டும்.

கடைசியாகச் சாட்சி. கூட்டத்தில் வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். பழைய பாவங்களைச் சொல்லும்போது பத்து வருடத்துக்கு முந்தியதாகப் பார்த்துச் சொல்லுங்கள். சிகரெட், சினிமா போதும். போன மாதத்துப் பாவங்களை எடுத்தால் கேட்கிறவர்களில் யாருக்காவது பணம் திருப்பிக் கொடுக்க வேண்டி வரும்.

இவ்வளவும் பிசகாமல் செய்த பிறகும் ஒரு தொல்லை மிஞ்சும். உங்கள் வீட்டில் வேலை பார்க்கும் அம்மாவும் அதே சபை. நீங்கள் மைக்கைப் பிடித்து, கர்த்தர் தேவைக்கு மேல் தந்து நடத்தினார் என்று கண் கலங்கும்போது, போன மாதச் சம்பளத்தில் இன்னும் ஆயிரத்து ஐந்நூறு வரவேண்டிய அவர் நாலாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். எதுவும் சொல்ல மாட்டார், பார்த்துக்கொண்டுதான் இருப்பார். ஆனாலும் அது சாட்சியின் ஓட்டத்தைக் கெடுக்கும். பாக்கியைக் கொடுத்துவிட்டால் தீர்ந்துபோகும் என்று சில அனுபவமில்லாதவர்கள் யோசனை சொல்வார்கள். வேண்டாம். இரண்டு ஆராதனை நடக்கிற சபையாக இருந்தால், அதிகாலை ஐந்து மணி ஆராதனை அமைதியாக இருக்கும், ஆவிக்குரிய ஆசீர்வாதம் அதிகம் என்று அந்த அம்மாவிடம் எடுத்துச் சொல்லுங்கள். அவரை அங்கே அனுப்பிவிட்டால் எட்டரை மணி ஆராதனை உங்களுக்குத் தொந்தரவில்லாமல் கிடைக்கும். அவர் ஆறரைக்கே வெளியே வந்துவிடுவதால், ஞாயிற்றுக்கிழமைப் பாத்திரமும் நேரத்தோடு துலங்கிவிடும்.