நீதிபதி நம்ம ஆளா?

1805 பிப்ரவரியில் வாஷிங்டன் செனட் சபையைக் கல்யாண மண்டபம் மாதிரி ஜோடித்திருந்தார்கள். சிவப்புத் துணி, பச்சைத் துணி, நீலத் துணி. பெண்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கத் தனி மாடம் வேறு. விசேஷம் இதுதான்: உச்ச நீதிமன்ற நீதிபதி சாமுவேல் சேஸைப் பதவியிலிருந்து தூக்குவதற்கான விசாரணை. ஏற்பாடுகளை ரசித்துச் செய்தவர், சபைக்குத் தலைமை தாங்கிய துணை ஜனாதிபதி ஆரன் பர். அவர் மேல் அப்போது நியூ ஜெர்சியில் ஒரு கொலைக் கேஸ் நிலுவையில் இருந்தது.

செத்தவரும் சாதாரண ஆள் இல்லை. அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன். 1804 ஜூலையில் வீஹாக்கன் என்ற இடத்தில் இருவரும் மரியாதையாகப் பேசிவைத்துக்கொண்டு துப்பாக்கியோடு சந்தித்தார்கள். ஒருவர் மட்டும் நடந்து திரும்பினார். கொலைகாரனை நீதிபதி முன்னால் நிறுத்துவதுதான் ஊர் வழக்கம், இங்கே நீதிபதியைக் கொண்டுவந்து கொலைகாரன் முன்னால் நிறுத்தியிருக்கிறார்களே என்று அப்போதே கேலி கிளம்பிவிட்டது.

கட்சி நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். அன்று இரண்டு கட்சிகள். ஹாமில்டனின் ஃபெடரலிஸ்ட் கட்சி, தாமஸ் ஜெஃபர்சனின் ரிபப்ளிகன் கட்சி. (இன்றைய ரிபப்ளிகன் கட்சிக்கும் இதற்கும் பெயர் ஒற்றுமை மட்டுமே.) 1800 தேர்தலில் ஃபெடரலிஸ்ட்கள் தோற்றார்கள். போகிற நேரத்தில் காலியாக இருந்த நீதிபதி நாற்காலிகளையும், காலியாக இல்லாததால் புதிதாகச் செய்த நாற்காலிகளையும் தங்கள் ஆட்களால் நிரப்பிவிட்டுப் போனார்கள். தலைமை நீதிபதி நாற்காலியில் ஜான் மார்ஷல். ஜெஃபர்சனுக்குத் தூரத்துச் சொந்தம். சொந்தம் என்பதால் பகை கொஞ்சம் கூடுதல்.

அதே தேர்தலில் ஜெஃபர்சனும் அவர் கட்சிக்காரரான பர்ரும் தலா 73 வாக்கு வாங்கி நின்றார்கள். துணை ஜனாதிபதிக்கு நின்ற பர், “அண்ணன் ஜனாதிபதியாக இருக்கட்டும்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 36 தடவை வாக்கெடுப்பு நடத்தித்தான் ஜெஃபர்சன் ஜெயித்தார். அதிலிருந்து துணை ஜனாதிபதியை அவர் நம்பியது கிடையாது.

இப்போது சேஸ். சிவந்த முகத்தால் ‘பன்றிக்கறி மூஞ்சி’ என்று பட்டப்பெயர் வாங்கியவர். 1776 சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர். நீதிபதியானதும் எதிர்க்கட்சிக்காரனைக் கண்டால் அவருக்கு ரத்தம் கொதிக்கும். பென்சில்வேனியாவில் ஜான் ஃப்ரைஸ் என்பவர் வரிக்கு எதிராக ஆள் திரட்டிப் போய்க் கைதிகளை விடுவித்தார். அது நாட்டின் மேல் போர் தொடுப்பது, ஆகவே தேசத்துரோகம் என்று, வக்கீல்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே சேஸ் தன் கருத்தை எழுதிக் கையில் கொடுத்துவிட்டார். வக்கீல்கள் கோபித்துக்கொண்டு கேஸிலிருந்தே விலகினார்கள். ஃப்ரைஸுக்குத் தூக்கு. ஜனாதிபதி ஆடம்ஸ் மன்னித்ததால் தலை தப்பியது. தேசத்துரோகத்தை இப்படி ரப்பராக இழுத்தால் நாளைக்கு யார் கழுத்துக்கும் சுருக்கு வரும் என்று ரிபப்ளிகன்கள் கொதித்தார்கள். நியாயமான கொதிப்பு. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை.

செனட்டில் 34 பேர். தூக்குவதற்கு 23 வாக்கு வேண்டும். ரிபப்ளிகன்கள் கையில் 25. கணக்கு சுத்தம். ஆனால் தலைமை தாங்குகிறவரின் மனசு கோணக்கூடாதல்லவா? நான்கு வருஷமாக ஏறிட்டுப் பார்க்காத பர்ரை ஜெஃபர்சன் விருந்துக்கு அழைத்தார். பர்ரின் மனைவிவழி மகனுக்கு நியூ ஆர்லியன்ஸில் நீதிபதி வேலை கிடைத்தது. மைத்துனருக்கு லூயிசியானா பிரதேசத்துச் செயலாளர் பதவி. நண்பர் ஜெனரல் வில்கின்சனுக்கு அதே பிரதேசத்தின் கவர்னர் பதவி. அந்தக் கொலைக் கேஸைக் கொஞ்சம் கைவிட்டால் தேவலை என்று ரிபப்ளிகன் செனட்டர்கள் சேர்ந்து நியூ ஜெர்சி கவர்னருக்குக் கடிதமும் எழுதினார்கள். சட்டம் தன் கடமையைச் செய்யும். சில சமயம் நாம் போய் எழுப்ப வேண்டியிருக்கும், சில சமயம் தாலாட்ட வேண்டியிருக்கும்.

இத்தனையும் வாங்கிக்கொண்டு பர் செய்த ஒரே அயோக்கியத்தனம், விசாரணையை நியாயமாக நடத்தியது.

குற்றம் சாட்டிய தரப்புக்குத் தலைவர் ஜான் ராண்டால்ஃப். கீச்சுக்குரல், நாக்கில் விஷம், சபைக்குள் வேட்டை நாய்களோடு வருகிற ஆள். கடைசி நாள் பேச்சில் குறிப்புக் காகிதங்களைத் தொலைத்துவிட்டு, அழுதார், முனகினார், விம்மினார். எதிரே சேஸுக்காக நின்றவர் லூதர் மார்ட்டின். மேரிலாந்தின் அட்டர்னி ஜெனரல். பிராந்தி இல்லாமல் அவர் கோர்ட்டுக்கு வந்ததில்லை என்பார்கள். ஆனால் போதையிலும் பிரிவு எண் தவறாது. நிதானத்தில் இருந்த ராண்டால்ஃபுக்குத்தான் தவறியது. மார்ச் 1ஆம் தேதி வாக்கெடுப்பு. எட்டுக் குற்றச்சாட்டுகளில் ஒன்றுக்குக் கிடைத்த அதிகபட்ச வாக்கு 19. ஆறு ரிபப்ளிகன்கள் எல்லாக் குற்றச்சாட்டிலும் “நிரபராதி” என்று சொல்லிவிட்டார்கள். சேஸ் சாகும்வரை நீதிபதி. ராண்டால்ஃப் அன்றைக்கே, நீதிபதிகளைச் சுலபமாக நீக்க வழி செய்யும் அரசியல் சட்டத் திருத்தத்தைக் கொண்டுவந்தார். ஆட்டத்தில் தோற்றவுடன் ஆட்ட விதியை மாற்றச் சொல்லும் அந்த உற்சாகம் எனக்குப் பிடித்திருக்கிறது.

பதவிக்காலம் முடிந்த பர், மேற்கே போனார். என்ன திட்டம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார். பிரிட்டிஷ் தூதரிடம், மேற்கு மாநிலங்களைப் பிரித்துத் தருகிறேன், பணம் கொடுங்கள். சிலரிடம், மெக்சிகோவைப் பிடிக்கப் போகிறோம். வேறு சிலரிடம், நிலம் வாங்கி விவசாயம். இதில் ஏமாந்தவர்களில் முக்கியமானவர் பிளென்னர்ஹாசெட் என்ற ஐரிஷ் பணக்காரர். ஓஹியோ நதியில் தனித் தீவு, அதில் மாளிகை, நல்ல நூலகம், மிக மோசமான கண்பார்வை. அவருடைய தீவில் 1806 டிசம்பரில் ஏறக்குறைய முப்பது பேரும் சில படகுகளும் சேர்ந்ததுதான் அமெரிக்காவை உடைக்க வந்த மாபெரும் படை. அன்றைக்குப் பர் அங்கே இல்லவே இல்லை.

திட்டத்தில் கூட்டாளி ஜெனரல் வில்கின்சன். அமெரிக்க ராணுவத்தின் தலைமைத் தளபதி. அதோடு ஸ்பெயின் அரசிடம் பணம் வாங்கும் உளவாளி எண் 13. காற்று மாறுவதைப் பார்த்ததும், பர் தரப்பிலிருந்து வந்த ரகசியக் கடிதத்தில் தன்னைக் காட்டிக்கொடுக்கும் வரிகளை அழித்துவிட்டு, தேசம் ஆபத்தில் இருக்கிறது என்று ஜெஃபர்சனுக்குத் தகவல் அனுப்பினார். ஒரே ஆள் மூன்று பக்கமும் விசுவாசமாக இருப்பது லேசில்லை.

ஜெஃபர்சன் 1807 ஜனவரி 22ஆம் தேதி காங்கிரசுக்கு அனுப்பிய செய்தியில், பர்ரின் குற்றம் சந்தேகத்துக்கே இடமில்லாதது என்று அறிவித்துவிட்டார். விசாரணை நடக்கவில்லை. குற்றப்பத்திரிகை இல்லை. தீர்ப்பு மட்டும் தயார். மறுநாளே செனட், ஆட்களைக் கோர்ட்டில் நிறுத்தாமல் அடைத்துவைக்க மூன்று மாத அனுமதி கொடுத்தது. கீழ்ச்சபை 113க்கு 19 என்று அதைக் குப்பையில் போட்டது.

பிடிபட்ட பர்ரை வர்ஜீனியாவில் ரிச்மண்டுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஊர் ஊராகப் போய்க் கீழ் வழக்கும் விசாரிக்க வேண்டும். ரிச்மண்ட் யாருடைய பகுதி? ஜான் மார்ஷல்!

இங்கேதான் இரண்டு கட்சிகளும் சேர்ந்து ஒரே நேரத்தில் பல்டி அடித்தன. ஃப்ரைஸை ஒரு வரித் தகராறுக்காகத் தூக்கில் போடத் துடித்த ஃபெடரலிஸ்ட்கள், தேசத்துரோகம் என்றால் அரசியல் சட்டம் சொல்கிறபடி வெளிப்படையான ஒரு செயல், அதற்கு இரண்டு நேரடிச் சாட்சிகள், ஒரு எழுத்துகூட மாறக்கூடாது என்று உருகினார்கள். சேஸின் மேல் போட்ட குற்றச்சாட்டுகளில் முதலாவதாகவே ஃப்ரைஸ் கேஸை வைத்த ரிபப்ளிகன்கள், ஆள் அந்த இடத்தில் இல்லாவிட்டால் என்ன, மனசு இருந்ததே என்றார்கள். ஹாமில்டனுக்காகக் கறுப்புத் துணி கட்டியவர்களின் வீடுகளில் ஹாமில்டனைச் சுட்டவருக்கு விருந்து. அப்படி ஒரு விருந்து பர்ரின் வக்கீல் விக்கம் வீட்டில் நடந்தது. விக்கம், மார்ஷலின் பக்கத்து வீட்டுக்காரர். வந்த விருந்தினர்களில் பர் ஒருவர், மார்ஷல் ஒருவர். ரிச்மண்ட் என்கொயரர் பத்திரிகை விடுமா? கிழித்துத் தொங்கவிட்டது. மார்ஷலைப் பெரிய மனிதர் என்று வரலாறு சொல்கிறது, நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்று ராத்திரி வீட்டிலேயே சாப்பிட்டிருக்கலாம்.

குற்றம் நிலைக்குமா என்று பார்க்கும் கிராண்ட் ஜூரிக்குத் தலைவராக யாரைப் போட்டார்கள் தெரியுமா? நம்ம ராண்டால்ஃபை. எனக்குப் பர் மேல் ஏற்கெனவே கெட்ட அபிப்பிராயம் உண்டு, என்னை விட்டுவிடுங்கள் என்று அவரே சொல்லிப் பார்த்தார். அபிப்பிராயம் இல்லாத ஆளே ஊரில் இல்லை, உட்காருங்கள் என்றாகிவிட்டது. ஆனால் அதற்குள் அவருக்கு ஜெஃபர்சனையும் பிடிக்காமல் போயிருந்தது. நட்சத்திர சாட்சி வில்கின்சன் முழு ராணுவ உடுப்பில் நெஞ்சை நிமிர்த்தி வந்து நின்றார். கடிதத்தில் கைவைத்த கதை வெளியே வந்ததும், கேஸை இந்த ஆள் மேலேயே போட்டால் என்ன என்று ஜூரிக்குத் தோன்றியது. 9க்கு 7 என்ற கணக்கில் தளபதி தப்பினார். பர் மேல் குற்றச்சாட்டு பதிவானது.

பர்ரின் வக்கீல்களில் இன்னொரு பழைய முகம்: லூதர் மார்ட்டின், பிராந்தியோடு. ஜனாதிபதியிடம் இருக்கும் கடிதங்களைக் கொண்டுவரச் சொல்லி மார்ஷல் ஜெஃபர்சனுக்கே சம்மன் அனுப்பினார். ஜனாதிபதியைக் கோர்ட் கூப்பிடுவதா என்று ஒரு கட்சி துள்ளியது. அவர் என்ன ராஜாவா என்று இன்னொன்று கேட்டது. ஜெஃபர்சன் காகிதங்களை அனுப்பினார், தான் வரவில்லை. ஆனால் அரசு வக்கீல் ஜார்ஜ் ஹேவுக்கு நாள்தோறும் யோசனைகள் போய்க்கொண்டிருந்தன. அப்ரூவர் ஆகிறவர்களுக்குக் கொடுக்கச் சொல்லி, பெயர் எழுதாத மன்னிப்புப் பத்திரங்களும் போயின. பர்ரின் ஆளான பால்மன் கோர்ட்டிலேயே அதை வாங்க மறுத்துவிட்டார். மார்ட்டினையும் கூட்டுக் குற்றவாளியாகப் பிடித்துப்போட்டால் என்ன என்று ஜனாதிபதி ஒரு கடிதத்தில் கேட்டார். எதிர்த்தரப்பு வக்கீலை ஜெயிக்க அதைவிடச் சுருக்கு வழி இல்லைதான்.

வெளியே தெருவில் ஆண்ட்ரூ ஜாக்சன் நின்று ஜெஃபர்சனைத் திட்டிக்கொண்டிருந்தார். ஜாக்சன் ரிபப்ளிகன் கட்சிக்காரர், பின்னாளில் ஜனாதிபதி. பர்ருக்குப் படகு கட்டிக் கொடுத்தவர் என்பதால் கொஞ்சம் வேகமாகவே திட்டினார். சிறையில் பர்ருக்கு மூன்று அறைகள். பார்க்க வருகிறவர்கள் கொண்டுவந்த ஆரஞ்சு, எலுமிச்சை, அன்னாசி, வெண்ணெய், ஐஸ்கட்டி வரை பட்டியல் போட்டு மகளுக்குக் கடிதம் எழுதினார்.

ஆகஸ்ட் 31ஆம் தேதி மார்ஷல் நீண்ட உத்தரவு ஒன்றைப் படித்தார். சாரம் இதுதான்: தீவில் நடந்ததாகச் சொல்லும் போரின்போது பர் தீவில் இல்லை, ஆகவே மேற்கொண்டு சாட்சி தேவையில்லை. இதே மார்ஷல் ஆறு மாதத்துக்கு முன் பால்மன் வழக்கில், தூரத்தில் இருந்து சின்னப் பங்கு எடுத்தவனும் துரோகிதான் என்கிற மாதிரி எழுதியிருந்தார். அரசு வக்கீல்கள் அதைத் தூக்கிக் காட்டினார்கள். நான் சொன்னதற்கு அது அர்த்தமில்லை என்று அவர் விளக்கினார். அரசியல்வாதி சொன்னால் மழுப்பல், நீதிபதி சொன்னால் தீர்ப்பு.

மறுநாள் வழக்கைக் கேட்ட ஜூரி (இது ராண்டால்ஃபின் கிராண்ட் ஜூரி இல்லை, வேறு) வந்து, எங்கள் முன் வைத்த சாட்சியத்தின்படி குற்றம் நிரூபிக்கப்படவில்லை, ஆகவே குற்றவாளி அல்ல என்று இழுத்தார்கள். இதென்ன விடுதலையா, திட்டா என்று பர் எழுந்து சண்டை போட்டார். ஜூரி ஒரு சொல்லையும் மாற்ற மாட்டோம் என்றது. காகிதத்தில் அவர்கள் எழுதியது இருக்கட்டும், பதிவேட்டில் ‘குற்றவாளி அல்ல’ என்று போடுங்கள் என்று மார்ஷல் முடித்துவைத்தார்.

நவம்பரில் பால்டிமோரில் நான்கு கொடும்பாவிகளைத் தூக்கிலிட்டார்கள்: மார்ஷல், பர், பிளென்னர்ஹாசெட், ‘பிராந்தி பாட்டில் வக்கீல்’ மார்ட்டின். மார்ஷலைப் பதவி நீக்க ஜெஃபர்சன் வழக்குக் காகிதங்களைக் காங்கிரசுக்கு அனுப்பினார். அதற்குள் பிரிட்டிஷ் கப்பல்களோடு தகராறு முற்றியதால் நீதியைச் சீர்திருத்த யாருக்கும் நேரமில்லை.

மார்ட்டின் பக்கவாதத்தில் விழுந்து ஓட்டாண்டியானார். 1822இல் மேரிலாந்து சட்டசபை, மாநிலத்தில் தொழில் செய்யும் ஒவ்வொரு வக்கீலும் அவருக்காக வருஷம் 5 டாலர் கட்ட வேண்டும் என்று சட்டம் போட்டது. கடைசிக் காலத்தில் அவரை நியூயார்க்கில் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர் பர். அந்தக் கணக்கில் பர்ருக்கு ஒரு மார்க் கொடுக்கலாம்.

1833இல் 77 வயதில் பர் ஒரு பணக்கார விதவையைக் கல்யாணம் செய்துகொண்டார். பணம் கரைவதைப் பார்த்த அந்த அம்மாள் விவாகரத்துக்குப் போனார். பிடித்த வக்கீலின் பெயர் அலெக்சாண்டர் ஹாமில்டன் ஜூனியர். சுடப்பட்ட ஹாமில்டனின் சொந்த மகன்! 1836 செப்டம்பர் 14ஆம் தேதி விவாகரத்து இறுதியானது. அதே நாளில் பர் செத்துப்போனார். அந்தத் தீர்ப்பை மட்டும் எந்தக் கட்சியும் எதிர்க்கவில்லை.