துணிக்குக் காது மெல்லிசு

வா தம்பி, வா. பூம்பாறையில குழந்தை வேலப்பரக் கும்பிட்டுட்டு, அப்படியே நம்ம தோட்டத்துக் கூடாரத்தையும் பாத்துட்டுப் போவமேன்னு ஏறி வந்திருக்க. தங்கப் போறதில்ல, சும்மா பாக்கணும். பாரு, நல்லாப் பாரு. பொண்ணு பாக்க வர்றவங்கூட முன்னாடியே ஆள் விட்டுச் சொல்லிட்டுத்தான் வர்றான்.

கொடைக்கானலுக்கு ஏறணும்னா இ-பாஸ் எடுக்கணும்னு ஹைகோர்ட்டு சொல்லி, 2024 மே 7-லருந்து நடக்குது. இந்தப் பெரிய மலைக்கே கேட்டுட்டு ஏறின நீ, என் அரை ஏக்கருக்கு மட்டும் கேக்காம நுழையுற. மலையவிடப் பெரிய ஆளா ஆக்கிட்ட என்னை.

படலச் சாத்தி வச்சது காட்டுமாட்டுக்கு. அது நெனச்சா ஒரே முட்டுல தூக்கிப் போட்டுரும். ஆனாலும் நின்னு பாத்துட்டு, மரியாதையாத் திரும்பிப் போயிருது. நீ தெறந்ததச் சாத்தக்கூட இல்ல. சாயங்காலம் அது உள்ள வந்தா, முழங்காலுக்குக் கீழ வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கேன்னு பள்ளிக்கூடத்துப் பிள்ளையாட்டம் கொஞ்சப் போயிராத.

அந்த மூணாவது கூடாரத்து ஜிப்ப இழுத்தியே, உள்ள ஒரு பெரியவரு வேட்டி மாத்திக்கிட்டிருந்தாரு. கல்லு வீடா இருந்தா கதவத் தட்டியிருப்ப. துணியத் தட்டினாச் சத்தம் வராது, அதான உன் சங்கடம்? தள்ளி நின்னு "ஐயா"ன்னு ஒரு கொரல் குடு. துணிக்குக் காது மெல்லிசு. நீ உள்ள இருக்கவங்களப் பத்திப் பேசினதும் அப்படித்தான் கேட்டுச்சு.

ரெண்டு கூடாரத்துக்கு நடுவால குறுக்க நடக்காத. இழுத்துக் கட்டின கயிறு இருக்கு. போன மாசம் ஒருத்தரு தடுக்கி விழுந்து, கூடாரத்தையும் படுக்க வச்சுத் தானும் படுத்துட்டாரு. தங்க மாட்டேன்னு வந்த மனுசன், பாவம், வாடகை இல்லாமப் படுத்து எந்திரிச்சாரு.

பூண்டுப் பாத்தியில என்ன கை? ஒண்ணே ஒண்ணு பிடுங்கி மோந்து பாத்தா என்ன கொறஞ்சிரும்னு கேக்குற. புவிசார் குறியீடு வாங்கின பூண்டு தம்பி, வாசனைக்குக் கொறச்சல் இல்ல. ஆனா வர்றவுக எல்லாருமே ஒண்ணே ஒண்ணுதான் பிடுங்குறாக. வேணும்னாக் கேளு. அடுப்புக்கு மேல புகையில தொங்குறதையே எடுத்துத் தாரேன். வெலையும் சொல்லுவேன், பயப்படாத.

அந்தப் பீடிய மட்டும் தண்ணியில முக்கி, பையில போட்டுக்க. இதுல கேலி கெடையாது. 2018 மார்ச்சுல போடிப் பக்கம் குரங்கணிக் காட்டுல தீப்பிடிச்சு, மலையேறப் போன பிள்ளைக இருபதுக்கு மேல செத்துப் போச்சுக. காஞ்ச புல்லுக்கு ஒரு பொறி போதும்.

சரி, எல்லாம் பாத்தாச்சா? அப்ப உன் வீட்டு விலாசத்தச் சொல்லிட்டுப் போ. வர்ற வாரம் மதுரைக்கு வாரேன். தங்க மாட்டேன், சாப்பாடும் வேணாம். விடியக்கால வந்து, நீ படுத்திருக்கிற அறைய ஒரு சுத்துச் சுத்திப் பாத்துட்டுப் போயிர்றேன்.