பத்து விநாடி மருந்து

மருந்தளவுகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். இதயம் நின்றுவிட்டதா, அட்ரினலின் 1 மில்லிகிராம், மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. பூச்சிமருந்து குடித்தவரா, நெஞ்சுச் சளி வற்றும்வரை அட்ரோபின். சர்க்கரை இறங்கி மயங்கியவரா, டெக்ஸ்ட்ரோஸ். என் தொல்லை அதற்கப்புறம்தான். ஆம்பூலை உடைக்க வேண்டுமே! ஹைதராபாத்தில் கேஷுவால்டிக்கு வந்த புதிதில், நோயாளிக்கு ஊசி ஏறுவதற்குள் என் விரலில் பிளாஸ்திரி ஏறிவிடும்.

ஒரு ராத்திரி, படபடப்பு என்று ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் வந்தார். மானிட்டரில் துடிப்பு 190. எஸ்.வி.டி. இதயத்துக்குள் மின்னோட்டம் ஒரே வட்டத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அதை அறுக்க அடினோசின் 6 மில்லிகிராம். ரத்தத்தில் கலந்ததும் பத்து விநாடிக்குள் பாதி காணாமல் போகிற மருந்து அது. அதனால் முழங்கை மடிப்பில் பெரிய ரத்தக்குழாயாகப் பார்த்து, ஒரே அழுத்தாக அழுத்தி, பின்னாலேயே சலைனைத் தள்ளி, கையையும் தூக்கிப் பிடிக்க வேண்டும். இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆனால் புறங்கையில் இருந்த மெல்லிய ஊசிக்குழாயில், பாவம் வலிக்கப்போகிறதே என்று, நிதானமாக ஏற்றினேன். 190 அசையவே இல்லை.

"என்ன தம்பி, சங்குல பால் புகட்டுற மாதிரி ஏத்துறீங்க?" என்றார் நாகர்கோவில் சிஸ்டர். முழங்கையில் புதிதாகக் குத்தினார். இந்த முறை 12 மில்லிகிராம், பின்னாலேயே சலைன், கை மேலே. திரையில் கோடு நேராக நீண்டது. சில விநாடி அப்படித்தான் நீளும் என்று படித்தவன் நான். கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். நெஞ்சை அடைக்கும், உயிரே போவதுபோல் இருக்கும், பயப்படாதீர்கள் என்று நோயாளியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்லவில்லை. "சச்சிபோயானு சார்!" (செத்தேன் சார்!) என்று அவர் தெலுங்கில் அலறி முடிப்பதற்குள் துடிப்பு 84-ல் வந்து நின்றது. கடைசியில் அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்.

மானம் போகும்போதெல்லாம் நான் ஊர்ப்பெருமை பேசுவேன். டீ குடிக்கும்போது ஆரம்பித்தேன். "இது லேசுப்பட்ட ஊரா சிஸ்டர்? குளோரோஃபார்ம் இதயத்தை நிறுத்துமா, மூச்சை நிறுத்துமான்னு உலகமே அடிச்சுக்கிட்டப்போ, ஆறாவது நிஜாம் ஆயிரம் பவுண்டு கொடுத்து, 1889-ல லண்டன்லேருந்து லாடர் பிரண்டனை வரவழைச்சார். இங்கேயிருந்த எட்வர்ட் லாரியோட சேர்ந்து நாய், குரங்குன்னு நூத்துக்கணக்குல சோதனை பண்ணி, மூச்சைத்தான் நிறுத்தும், அதைக் கவனிச்சாலே போதும்னு தீர்ப்பு எழுதிட்டாங்க."

"தீர்ப்பு சரிதானா?"

இங்கேயே பேச்சை மாற்றியிருக்கலாம். படித்ததை ஒப்பிக்கிற வாய் விடவில்லை. 1911-ல் குட்மன் லெவி பூனைகளில் செய்த சோதனையைச் சொன்னேன். லேசான குளோரோஃபார்ம் மயக்கத்தில் அட்ரினலின் சேர்ந்தால் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடும். மூச்சை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அது தெரியவராது.

சிஸ்டர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப உங்களுக்கு ஏத்த ஊர்தான் தம்பி."