மூன்றாந்தரத்துக்கு முன் வரும் மௌனம்

உலகத்தில் இதுவரை எவராலும் ஆராயப்படாமல் எஞ்சியிருக்கும் விஷயம் ஒன்று உண்டென்றால், அது ஏலம் நடக்கும் முற்றத்தில் இரண்டு சிநேகிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் கூரை ஓட்டை எண்ணிக்கொண்டு நிற்கும் அந்தச் சில விநாடிகளின் தர்மாதர்மமே என்பது அடியேனுடைய தாழ்மையான அபிப்பிராயம். வள்ளுவர் 79ஆம் அதிகாரம் தொடங்கி 83ஆம் அதிகாரம் வரையில் நட்பையும் அதன் கோணல்களையும் ஐந்து அதிகாரங்களில் அலசினார். கேள்விக்கென்றே 42ஆம் அதிகாரத்தை ஒதுக்கினார். இருந்தும் சிநேகிதன் இரண்டாயிரம் ரூபாய்க்குக் கேட்டு நிற்கும் ஒரு பொருளை இரண்டாயிரத்து நூறுக்கு நாம் கேட்கலாமா, கேளாமல் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது நட்பா களவா என்ற அந்தக் கேள்வியை மட்டும் அவர் தொடவேயில்லை. அந்தக் குறை சொறிக்கல்முனையில் இருக்கும், ஓய்வூதியம் வாங்கும், ஆயுளில் ஓர் ஆணியைக்கூட நேராக அடித்தறியாத, ஆயினும் தச்சுச் சாமான் சேர்க்கும் பித்துப் பிடித்த ஒருவன் தலையில் வந்து விடிந்தது.

முதலில் சொல்லாராய்ச்சி, அது இல்லாத எதையும் தமிழுலகம் ஆராய்ச்சி என்று ஒப்புவதில்லை. ஏலம் என்ற சொல் நம் பாஷையில் இரண்டு. ஒன்று பாயசத்தில் மணப்பது. மற்றது வீட்டில் இருந்த மணம் போனபிறகு முற்றத்துக்கு வருவது. போடிநாயக்கனூரில் முதலாவதை இரண்டாவதில் வைத்து விற்கிறார்கள் என்பதனால் இரண்டும் ஒன்றென்று மயங்கிவிடக்கூடாது. இரண்டாவது ஏலம் போர்த்துக்கீசர் கொண்டுவந்து இறக்கிய சரக்கு; அவர்கள் அதை அரபு மொழியிலே 'அறிவித்தல்' என்று பொருள்படும் ஒரு சொல்லிலிருந்து பெற்றார்கள் என்பது அகராதிக்காரர் கூற்று. அரபியர் வாயிற் பிறந்து, லிஸ்பனைச் சுற்றிக்கொண்டு, திருச்சிலுவைக் கோவிலைச் சூழ்ந்த எங்கள் கத்தோலிக்கக் கிராமத்துக்கும், பாங்கொலி கேட்கும் கல்முனைக்கும் பொதுவாக வந்து சேர்ந்த அந்தச் சொல்லின் ஆதி அர்த்தத்தை வாசகர் மனத்திலே முடிந்துகொள்ள வேண்டும்: அறிவித்தல். ஏலத்திலே வாயை மூடுகிறவன், சொல்லின் வேரிலேயே வெந்நீர் ஊற்றுகிறான்.

இனி 'கூட்டாளி'. தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் கூட்டாளி என்றால் பொலிசார் தேடிக்கொண்டிருப்பவன். திருடன் பிடிபட்டான், கூட்டாளிகள் தப்பினர் என்ற அளவில்தான் அந்தச் சொல்லுக்கு அங்கே மரியாதை. எங்கள் கரையிலோ கூட்டாளி என்றால் சிநேகிதன், பள்ளித் தோழன், கலியாணத்துக்கு மூன்று நாள் முந்தி வந்து பந்தற்கால் நாட்டுபவன். ஒரே சொல் பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கத்தில் குற்றமாகவும் இந்தப் பக்கத்தில் அன்பாகவும் இருப்பது எப்படி என்று நெடுங்காலம் வியந்திருந்தேன். ஒரு சீவுளி வாங்கியபிறகு வியப்பு நீங்கியது.

சம்பவத்தைச் சொல்கிறேன். நற்பிட்டிமுனையில் ஓர் ஓடாவியார் இருந்தார். முதிரையிலும் தேக்கிலும் அவர் இழைத்த கதவுகள் இன்றும் பல வீடுகளில் ஓசையின்றித் திறக்கின்றன. அவர் மௌத்தான பின்பு, மக்களில் ஒருவரும் தொழிலுக்கு வராமையினாலே, அவருடைய மனைவி இத்தாவுக்குரிய நான்கு மாதமும் பத்து நாளும் கழிந்ததும், ஆயுதப்பெட்டியை முற்றத்தில் வைத்து ஏலங்கூறச் சம்மதித்தார். உளிகள், கொட்டாப்புளி, வாய்ச்சி, துறப்பணம், மூலைமட்டம், தேய்ந்த அரங்கள். இவற்றின் அடியிலே, எண்ணெய்த் துணியிற் சுற்றி, அமெரிக்காவில் நியூ பிரிட்டன் என்னும் ஊரிலிருந்த ஸ்டான்லிக் கம்பனியாரின் 4ஆம் இலக்கச் சீவுளி ஒன்று. இரண்டு அங்குல அலகு; வார்ப்பிரும்பு உடல்; கைபட்டுக் கைபட்டுப் பளபளத்த மரப்பிடி. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கி இங்கினியாகலையில் அணை கட்ட மொரிசன் நட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி வந்தபோது அவர்களோடு வந்திறங்கிய சீவுளி அது என்பது ஓடாவியார் சொல்லிவந்த கதை. அது மெய்யோ பொய்யோ, சாமான் சேர்ப்பவனுக்குக் கதைதான் பாதி விலை. மேலும் 2004 மார்கழியில் கடல் வந்து மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது வரையில் மனிதரையும் வீடுகளையும் கொண்டுபோனபோது எத்தனையோ ஓடாவிமாரின் பெட்டிகளும் போய்விட்டன. எஞ்சிய பழைய சாமான் எதுவாயினும் இங்கே அருமைதான்.

இந்தச் சீவுளியின்மேல் கண்வைத்தவர்கள் மூவர்: அடியேன், கல்முனைக்குடியிலிருக்கும் காக்கா ஒருவர், பாண்டிருப்பிலிருக்கும் மச்சான் ஒருவர். இவர் உறவினால் மச்சான் அல்லர், பழக்கத்தினால் மச்சான். முந்தின நாள் அந்திப்பொழுதில் தேத்தண்ணிக் கடையில் நாங்கள் கூடினோம். அதற்கு முந்தின வருஷம் சாய்ந்தமருதில் ஒரு பழைய பிலடெல்பியா வாளுக்காக நான் காக்காவின் முன்னே வாயை மூடிக்கொண்டேன்; ஆகவே அவர் எனக்கு ஒரு மௌனம் கடன்பட்டிருந்தார். மச்சானுக்கோ இனிமேல் வரப்போகிற வாய்ச்சி ஒன்றின்மேல் ஆசை. ஆகவே எனக்கு ஒரு மௌனத்தை முற்பணமாகத் தந்து வைக்க விரும்பினார். பணம் கைமாறவில்லை, சத்தியம் செய்யவில்லை, காக்கா, "உனக்கெண்டா எடு தம்பி" என்றார், மச்சான் வடையைக் கடித்தார். இவ்வளவே உடன்படிக்கை.

மறுநாள் பழைய இரும்புக்காரர் ஒருவர் நிறையைக் கையால் மதித்து ஆயிரத்து ஐந்நூறில் தொடங்கினார்; இரண்டாயிரத்து நானூறுக்கு மேல் அந்த இரும்புக்கு இரும்பு விலை கட்டாது என்று நிறுத்தினார். நான் இரண்டாயிரத்து ஐந்நூறு என்றேன். ஒருதரம். ரெண்டுதரம். அந்த இடைவெளியில் காக்கா தமது தொப்பியைச் சரிசெய்தார். மச்சான் தென்னை மரத்திலிருந்த அணிலைப் பார்த்தார். கதவுச் சீலைக்கு அப்பால் ஒரு வளையல் சத்தம் கேட்டு நின்றது. மூணுதரம். சீவுளி எனதாயிற்று.

பூர்வபட்சக்காரர் சொல்வதையும் நியாயமாக எடுத்துரைப்பதே ஆராய்ச்சி மரபு. அவர் சொல்வது இது: சிநேகிதர் ஒருவரோடொருவர் போட்டியிட்டால் நாசமே விளையும். கி.பி. 193இல் பெர்த்தினாக்ஸ் சக்கரவர்த்தியைக் கொன்ற காவற்படையினர் ரோமாபுரிச் சிங்காசனத்தையே ஏலத்தில் விட்டபோது, பாசறைக்குள்ளே நின்ற சுல்பிசியானுஸ் ஆளுக்கு 20,000 செஸ்டர்ஸ் என்றான். மதிலுக்கு வெளியே நின்ற திதியுஸ் யூலியானுஸ் 25,000 என்று கத்தி இராச்சியத்தை எடுத்தான். 66 நாளில் தலையைக் கொடுத்தான். முந்தின நாள் இருவரும் ஒரு தேத்தண்ணி குடித்திருந்தால் இருவருக்கும் நலமாயிருந்திருக்கும். வாதம் கவர்ச்சியானதுதான். ஆனால் அந்த ஏலத்தில் விற்றவர்கள் கொலைகாரர்கள். நற்பிட்டிமுனை ஏலத்தில் விற்றவர் ஒரு கைம்பெண். விற்பவர் யார் என்று பாராமல் மௌனத்தை நிறுக்கத் தராசு கிடையாது.

சட்டத்தைப் புரட்டினேன். ஆங்கிலேயர் சட்டத்தைத் தழுவி 1896இல் இலங்கையில் இயற்றிய பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், விற்பவன் முன்னறிவிப்பின்றித் தானே கூட்டத்தில் கலந்துநின்று விலையேற்றுவதைத் தடுக்கிறது. வாங்குபவர்கள் கூடிநின்று விலையிறக்குவதைப் பற்றி அது வாய்திறப்பதில்லை. அதுவும் எங்கள் கூட்டாளிதான் போலும். இங்கிலாந்திலோ வியாபாரிகள் இதை ஒரு கலையாகவே வளர்த்தார்கள்: ஊரறிய நடக்கும் ஏலத்தில் ஒருவன் மட்டும் கேட்பான், பிறகு சாராயக் கடையில் அவர்களுக்குள் இரண்டாம் ஏலம் நடத்தி, இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பங்கிட்டுக்கொள்வார்கள். 1921இல் இத்தகைய உடன்படிக்கை ஒன்று அங்குள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தபோது, மூன்று நீதிபதிகளில் இருவர் அது செல்லும் என்றார்கள். பிறகு 1927இல் பாராளுமன்றம் விழித்துக்கொண்டு, கேளாமலிருப்பதற்காக வியாபாரிகளுக்குள் கைக்கூலி மாறுவதைக் குற்றமாக்கியது. எனினும் அந்தச் சட்டத்தில் இரண்டு துவாரங்கள் உண்டு. முதலாவது, அது விற்பதற்காக வாங்கும் வியாபாரியை மட்டுமே பிடிக்கும்; வாங்கி அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் என் போன்ற பைத்தியக்காரனைப் பிடிக்காது. இதைப் படித்த இராத்திரி நன்றாக உறங்கினேன். இரண்டாவது துவாரத்தைப் படித்தபின் உறக்கம் போயிற்று: கூட்டாக வாங்கப்போகிறோம் என்று முன்கூட்டியே எழுதி, அதன் பிரதியை ஏலங்கூறுபவரிடம் ஒப்படைத்துவிட்டால் வியாபாரிக்கும் குற்றமில்லையாம். அதாவது கூடுவது குற்றமன்று, ஒளிப்பதே குற்றம். அரபுச் சொல்லின் வேருக்கே மறுபடியும் வந்து நிற்கிறோம்.

அறிந்த மௌலவி ஒருவரிடம் இதைப் பிரஸ்தாபித்தேன். என் பெயரைச் சொல்லவில்லை. "ஒருவருக்கு நேர்ந்தது" என்றே கேட்டேன். அவரும் அந்த ஒருவர் யார் என்று அறியாதவர்போல் பெருந்தன்மையாகவே பதிலுரைத்தார். வாங்கும் எண்ணமின்றி விலையேற்றிவிடுவதை மார்க்கம் தடுத்திருக்கிறது, அதற்கு நஜ்ஷ் என்று பெயர் என்றார். ஒருவர் பேசி முடித்த வியாபாரத்தில் இன்னொருவர் புகுவதும் கூடாது, ஆனால் ஏலம் அதற்கு விலக்கு என்றார். எனக்கு வேண்டியிருந்ததோ மூன்றாவது ஒன்று. அதற்கு அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. அபூதாவூதின் தொகுப்பில் உள்ள ஒரு வரலாற்றைச் சொன்னார்.

யாசகம் கேட்டு வந்த அன்சாரி ஒருவரிடம், வீட்டில் என்ன இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்களாம். ஒரு விரிப்பும் ஒரு நீர்க்குவளையும் என்றார் அவர். அவற்றைக் கொணரச்செய்து நபியவர்களே ஏலங்கூறினார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் என்றார். அதற்கு மேல் யார் தருவார் என்று நபியவர்கள் இரண்டு மூன்று தடவை கேட்டார்கள். இன்னொருவர் இரண்டு திர்ஹம் என்று எடுத்துக்கொண்டார். அந்த இரண்டில் ஒன்றுக்கு வீட்டுக்கு உணவு. மற்றொன்றுக்கு ஒரு கோடரி. நபியவர்கள் தம் கையாலேயே அதற்குப் பிடி போட்டுக் கொடுத்து, விறகு வெட்டி விற்கச் சொல்லி, பதினைந்து நாளைக்கு இந்தப் பக்கம் வரவேண்டாம் என்றார்கள். பத்து திர்ஹம் சம்பாதித்துக்கொண்டு அவர் திரும்பி வந்தார்.

மௌலவி அதோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் நான் கிட்டங்கித் தாம்போதியில் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் திர்ஹம் உணவுக்குப் போயிற்று. கோடரி வந்தது இரண்டாவது திர்ஹத்தில். அந்த இரண்டாவது திர்ஹம் இரண்டாவது மனிதர் வாயைத் திறந்தமையால் வந்தது. அங்கே நின்ற அந்த இருவரும் முந்தின நாள் எங்களைப்போல் வடை தின்றிருந்தால், அந்த ஏழை அன்றைக்குச் சாப்பிட்டிருப்பார். ஆயுதம் அவர் கைக்கு வந்திராது. ஓர் ஆயுதத்துக்காக நாங்கள் விழுங்கியது இன்னொருவருடைய ஆயுதத்தை.

ஏலச் சாஸ்திரத்தில் வில்லியம் விக்ரி என்று ஒரு பண்டிதர் உண்டு. 1961இல் எழுதிய கட்டுரை ஒன்றில், மூடிய உறையில் விலை கேட்டு, அதிகம் கேட்டவனுக்கே பொருளைக் கொடுத்து, விலையை மட்டும் அவனுக்கு அடுத்தவன் கேட்ட அளவில் வாங்கும் ஒரு முறையை அவர் ஆராய்ந்தார். 1996இல் நோபல் பரிசு அறிவித்த மூன்றாம் நாள் காலமானார். வாய்திறந்து கேட்கும் ஏலத்திலும் சங்கதி ஏறக்குறைய இதுதான்: எனக்கு அந்தச் சீவுளியின்மேல் எவ்வளவு ஆசை என்பது விலையைத் தீர்மானிப்பதில்லை, எனக்கு அடுத்தவனுடைய ஆசைதான் தீர்மானிக்கிறது. ஆகவே இருவரிடமும் போய் உள்ளதைக் கேட்டேன். காக்கா ஐயாயிரம் வரை போயிருப்பாராம். மச்சான் தலையைச் சொறிந்து ஏழாயிரம் என்றார். நானோ ஒன்பதாயிரத்தை மடியில் முடிந்துகொண்டு போனவன். ஆக நியாய விலை ஏழாயிரத்துக்குக் குறையாது. கொடுத்தது இரண்டாயிரத்து ஐந்நூறு. எங்கள் மௌனத்தின் விலை நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்.

இதை யார் கொடுப்பது என்பதில் ஒரு சிறு சித்தாந்த பேதம் எழுந்தது. சீவுளி உன்னிடம் இருப்பதால் முழுவதையும் நீ கொடு என்றார் மச்சான். சீவுளி ஒருவனிடம் இருக்கிறது, மௌனம் மூவரிடமும் இருந்தது, அதிலும் நான் ஒருவன்தான் அன்று வாய்திறந்தவன் என்று நான் வாதித்தேன். காக்கா நெடுநேரம் யோசித்து என் பக்கம் சாய்ந்தார். ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு.

நானும் காக்காவும் ஒன்றாக ஓடாவியார் வீட்டுக்குப் போனோம். காக்கா, "சாச்சி, அண்டைக்கு விலைல கொஞ்சம் பிழை போயிட்டு" என்று தொடங்கி மேலே சொல்ல முடியாமல் நின்றார். சீலைக்கு அப்பாலிருந்து, "எனக்குத் தெரியும் மகன், நீங்க பேசாம இருந்தது எனக்கு உள்ளுக்கயும் கேட்டிச்சு" என்று பதில் வந்தது. பணத்தை ஒரு பேரப்பிள்ளை வந்து வாங்கிப் போனான். உள்ளே எண்ணும் சத்தம் கேட்டது. "மூணாவது ஆள்ர எங்க?" என்றும் கேட்டது.

மூன்றாவது ஆள் இன்னும் கொடுக்கவில்லை. கேட்டால் கிட்டங்கியில் வெள்ளம், பாதை அடைபட்டுவிட்டது என்கிறார். பாண்டிருப்பும் நற்பிட்டிமுனையும் கிட்டங்கிக்குக் கிழக்கே ஒரே கரையில் இருக்கின்றன. வெள்ளத்துக்கு மேற்கே இருப்பவன் நான் ஒருவன்தான்.