ஊசியும் அதிரசமும்

ஐப்பசி பிறந்தால் வார இதழ்களுக்கு இரட்டை நாக்கு. இடப்பக்கம், 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்த மவுஞ்சாரோ, ஜூனில் வந்த வெகோவி: எடை குறைய வாரம் ஒரு ஊசி, இரைப்பை மெதுவாகக் காலியாகும், பசி அடங்கும். வலப்பக்கம், நெய் சொட்டும் அதிரசம். அது செரிக்கத் தீபாவளி லேகியம், அதிலும் நெய்!

தேவதானப்பட்டி அப்பத்தாக்களுக்கு இது வேடிக்கை. "கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு சும்மா சொன்னப்ப எவன் கேட்டான்? இப்ப ஊசி கேக்குதாக்கும்!"

இவ்வூர் மூங்கிலணைக் காமாட்சிக்குத் தேங்காய் உடைப்பதில்லை, பழம் உரிப்பதில்லை. பண்டத்தை எதிரே வைத்துக்கொண்டு தொடாமலிருக்கும் இந்த வித்தைக்குத்தான் பட்டணத்தார் மாதம் ஆயிரக்கணக்கில் அழுகிறார்கள். பூசையும் சாத்திய கதவுக்கே. முகச் சுருக்கத்துக்கு ஊசி போடும் போடாக்ஸ்காரர் இந்தப் பக்கம் வந்தால் பிரசாதம் வாங்கிக்கொண்டு போகலாம், முகமே காட்டாத அம்மனிடம் வியாபாரம் நடக்காது.