அன்னாசிக்கு விடுப்பு

கேள்வி: முகம் திடீர் திடீரென்று சிவந்து சூடாகிறது, வயிற்றுப்போக்கும் நிற்கவில்லை. ஹார்மோன் சுரக்கும் அபூர்வக் குடல் கட்டியா என்று பார்க்க, 24 மணி நேரச் சிறுநீர் கேட்கிறார் டாக்டர். அதற்கு அன்னாசி, வாழைப்பழம் ஏன் கூடாது? – வாசகி, பொந்தியான், ஜொகூர்

பதில்: அன்னாசிக்குப் பேர்போன ஊரில் இப்படியொரு பத்தியமா! அந்தக் கட்டி செரோட்டோனினைச் சுரக்கும். அதன் கழிவைத்தான் சிறுநீரில் அளக்கிறார்கள். அன்னாசியிலும் வாழைப்பழத்திலும் அதே செரோட்டோனின் உண்டு. தின்றால், கட்டியே இல்லாதவருக்கும் அளவு எகிறும். பரிசோதனைக்குச் சுமார் 3 நாள் முன்பிருந்தே நிறுத்துங்கள். பீசாங் கோரெங்கும் சேர்த்திதான். மாவு போர்த்தினால் வாழைப்பழம் தப்பித்துவிடாது. சிறுநீர் மட்டும் தீர்ப்புச் சொல்லாது. ஸ்கேனும் திசுப் பரிசோதனையும் வேண்டும். முகம் சிவக்க மாதவிடாய் நிற்பதும் காரணமாகலாம், சம்பாலும் காரணமாகலாம். சில இருமல், மனச்சோர்வு மருந்துகளும் அளவை மாற்றும்; எதையும் நீங்களாக நிறுத்தாமல், மருந்துப் பட்டியலை டாக்டரிடம் காட்டுங்கள்.